கேட்காமல் போட்ட டிக்

"வேண்டாம்னு சொன்னது நீங்க—"

"நான் எங்கே சொன்னேன்? ஒரு நிமிஷம் பேச—"

"பேச என்ன இருக்கு? இதோ, அச்சடிச்ச மாதிரி இருக்கு, 'வேண்டாம்'னு—"

"இருந்தா? நான் சொன்னதா ஆயிடுமா? எனக்கு ஞாபகமே—"

"கீழே யார் கையெழுத்து? எதிர்வீட்டுக்காரர் வந்து போட்டாரா?"

என் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் உண்டு. அவற்றில் உட்காருகிறவர்கள் வழக்கமாக என்னைப் பார்த்துப் பேசுவார்கள். அன்றைக்கு என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. அவருக்கு வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. அவளுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன, இரண்டையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கிடந்தது அவருடைய காருக்கான இன்ஷூரன்ஸ் விண்ணப்பம். அதை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான்.

வண்டி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கார் கண்ணாடி மாற்றுகிற ஒருவரின் கடையில் முன்பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடியோடு வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். இதைவிட நல்ல விளம்பரம் எனக்கு வேண்டியதில்லை.

"அக்கா, நீ சொல்லு," என்றாள் தங்கை என் பக்கம் திரும்பி. "தையல் கடைக்காரருக்கு எல்லாம் கிடைக்குமாம். ஷட்டர், ரெண்டு மெஷின், கண்ணாடிக் கதவு, எல்லாம். நம்ம வண்டிக்கு ஒண்ணும் கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?"

"அது அப்படித்தாண்டி. ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு கட்டாயம். அது இல்லாம வண்டியை ரோட்டுல இறக்கவே கூடாது. நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு என்ன ஆனாலும் அது கொடுக்கும். அடுத்தவங்க உடம்பு, அடுத்தவங்க பொருள்."

"நமக்கு?"

"நமக்குக் கொடுக்கறது ரெண்டாவது விதம். நம்ம வண்டி இடிச்சா, திருடு போனா, தண்ணியில முழுகினா. அப்புறம் ஓட்டறவருக்கு அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவு. இதெல்லாம் நம்ம இஷ்டம். நாமளா கேட்டு வாங்கினாத்தான் உண்டு."

"கேட்டு வாங்கணும்! கேட்டீங்களா?" மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். "சட்டம் மிரட்டினா ஊரானுக்கு எடுப்பீங்க. நமக்குன்னா மட்டும் கணக்குப் பாப்பீங்க. கிராம்! உங்களுக்கு வீட்டுல வச்ச பேரு சும்மாவா வச்சோம்?"

அந்தப் பெயரை வைத்தது நான். தங்கை கணவருக்குத் தராசு பழுதுபார்க்கும் வேலை. கடை கடையாகப் போய் எடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்திக் கொடுப்பார். அதற்கு அவரிடம் ஒரு பெட்டி எடைக்கல் உண்டு, அரை கிராமிலிருந்து இருபது கிலோ வரை. மொத்தப் பெட்டியும் ஒரு ஆளைவிடக் கனம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்குச் சர்க்கரை வாங்கி வந்தார். வாசலில் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்று, "அஞ்சு கிராம் குறையுது" என்று திரும்பக் கடைக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வந்த சொந்தமெல்லாம் சிரித்தது. அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கிராம்.

அந்தப் பெட்டிதான் இப்போது வினை. பின்சீட்டில் அதைப் பிடித்திருந்த வாரின் கொக்கி அறுந்துவிட்டது. இரண்டு கிலோ பித்தளைக் கல் ஒன்று உருண்டு, முன்சீட்டுக்கு அடியில் நுழைந்து, பிரேக்குக்குக் கீழே போய்ச் செருகிக்கொண்டது. தெருமுனையில் அவர் மிதிக்கிறார், பிரேக் இறங்கவில்லை. நேராகத் தையல் கடை. காலை நேரம், ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது, உள்ளே ஆளில்லை. இல்லாவிட்டால் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமோ.

உள்ளேயிருந்து கண்ணாடிக்காரர் அளவு நாடாவோடு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, வண்டியைப் பாத்துட்டு வந்தேன். முன் கண்ணாடி போச்சு. கண்ணாடி மட்டுமாவது பாலிசியில வருமா?"

"வராது."

"உங்க சொந்தக்காரருக்கா? அட! மழைக்கு ஒதுங்க வந்தவன்கிட்டயே அரை மணி பேசி முழு பாலிசி போட வைக்கிற ஆளு நீங்க. சொந்த வீட்டு மாப்பிள்ளையை எப்படிக் கோட்டை விட்டீங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் பேனாவுக்கு மூடி தேடினேன்.

"எங்கக்கா கோட்டை விடல," என்றாள் தங்கை. "தலைதலையா அடிச்சுக்கிட்டிருப்பா. இவர் காதுல ஏறினாத்தானே? சொல்லுக்கா, நீ எடுத்துச் சொன்னியா இல்லையா?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஃபார்ம்லதான் இருக்கே."

தங்கை கணவர் இடது கையால் தாளை இழுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். வாசித்தார். ஒரு பக்கத் தாள்தான், ஆனால் ஒரு புத்தகம் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அதை மேசையில் நேராக வைத்து, மூலையை விரலால் தடவிவிட்டார்.

"சரி," என்றார். "நான்தான் சொல்லியிருப்பேன். மறந்திருக்கும்."

"அப்பாடா! ஒத்துக்கிட்டார், எழுதி வச்சுக்கோ," என்றாள் தங்கை. அவள் குரல் உடைந்தது. "எழுதி வச்சு என்ன, வண்டி வந்துடுமா? அக்கா, நான் முடிவு பண்ணிட்டேன். எடைக்கல் பெட்டியை வித்துடறோம். ஆள் பாத்தாச்சு, நாளை மறுநாள் காலையில வந்து எடுத்துட்டுப் போறார். என் கூட வேலை பாக்கறவ அண்ணனோட கிடங்கு கேட்டுல காவலுக்கு உக்கார ஆள் வேணுமாம். கை சரியானதும் அங்க போகட்டும். இனிமே வீட்டுல எது வேணும் எது வேண்டாம்னு நான் சொல்றேன். இவர் சொன்ன வரைக்கும் போதும்."

பதினெட்டு வருஷம் தராசு முன்னால் குனிந்து நின்ற மனிதர். கேட்டில் உட்காரப் போகிறார்.

அவர்கள் போனபின் அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் ஒரு மஞ்சள் உறை. அதில் என் குடும்பத்தாரின் விண்ணப்பங்கள் இருந்தன. எல்லாமே வெற்றுத் தாள்கள். அடியில் கையெழுத்து மட்டும். ஊரிலிருக்கிற எல்லா வாடிக்கையாளரையும் எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் படித்துக் காட்டி, புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் டிக் போடுவேன். சொந்தக்காரர்களுக்கு மட்டும் வேறு முறை. விருந்துக்கு வரும்போது நான்கைந்து தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வேன். "எதுக்குக்கா?" "வருஷா வருஷம் உங்களை அலைய விடவேண்டாமேன்னுதான்." அவர்களும் சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். பாலிசி முடிகிற அன்றைக்கு ஒரு தாளை உருவி நானே நிரப்பிவிடுவேன். அன்பாகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கம்பெனிக்குத் தெரிந்தால் ஏஜென்சியைப் பிடுங்கிவிடுவார்கள்.

போன வருஷம் அவருடைய தாளை நிரப்பிய நாள் நினைவிருக்கிறது. 'விருப்பப் பாதுகாப்புகள் விளக்கப்பட்டன. வேண்டும். வேண்டாம்.' இரண்டு கட்டம். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கிராம்தானே, அவர் எங்கே சரி என்று சொல்லப் போகிறார், கேட்டு அவரையும் சங்கடப்படுத்தி நானும் நேரத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். போட்டுவிட்டுச் சிரித்தேன்கூட.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்னால் கடைக்கு வந்திருந்தார். "அக்கா, இந்த முழு பாலிசின்னா அதுல என்னென்னதான் வரும்?" என்று கேட்டார். எதிரில் ஒரு லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார், பெரிய பாலிசி. "அப்புறம் சொல்றேன் மாப்பிள்ளை" என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

மறுநாள் தையல் கடைக்குச் சர்வேயர் வந்தார். விபத்தில் என்ன சேதம் என்று பார்த்துக் கம்பெனிக்கு எழுதுகிறவர். நானும் போனேன், மாப்பிள்ளையும் வந்திருந்தார். தையல்காரர் வளைந்த ஷட்டருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எழுதிக்குங்க. ரெண்டு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி—"

"இஸ்திரிப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க," என்றார் மாப்பிள்ளை. "நான் அன்னிக்கே பாத்தேன். சூடாகுது."

தையல்காரர் அவரை முறைத்தார். "இடிச்சவரே வந்து கணக்குச் சொல்றதை இப்பத்தான் பாக்கறேன்."

"ஆனா உள்ளே கண்ணாடி பீரோவுல கீறல் இருக்கு. அதை நீங்க சொல்லல. சார், அதையும் எழுதிக்குங்க."

சர்வேயர் பேனாவை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. இஸ்திரிப் பெட்டி சேதமில்லை என்றால் வேண்டாம். பீரோ கீறினால் எழுது. சர்க்கரை குறைந்தால் கடைக்குத் திரும்பிப் போகிறவர், ஒருமுறை பருப்பு கூடுதலாக இருந்தபோதும் அதேபோல் திரும்பிப் போனார். அதை நாங்கள் யாரும் கதையாகச் சொல்லிச் சிரித்ததில்லை. இந்த மனிதரைக் கஞ்சன் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன்.

சர்வேயர் கோப்பைப் புரட்டினார். "உங்க வண்டி நல்லா நொறுங்கியிருக்கே. கூடுதலா எதுவும் எடுக்கலையா? இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஏஜென்ட் விளக்கிச் சொன்னாங்களா?"

நான் தரையில் கிடந்த நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நூல், வாசல் வரை பிரிந்து ஓடியிருந்தது.

"சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

சர்வேயர் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அவருக்கு இனி பஸ்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். நான் இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன்.

"மாப்பிள்ளை, அந்த ஃபார்ம்..."

"விடுங்கக்கா."

"இல்ல, நான் வந்து..."

"நீங்க போட்ட டிக்குன்னு எனக்குத் தெரியும்." சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னார். "வாலு இவ்வளவு நீளமா இழுத்து யார் போடுவா? எங்க பொண்ணுக்கு நீங்க கணக்குச் சொல்லிக் கொடுத்தப்போ அவ நோட்டுல வருஷம் பூரா பாத்திருக்கேன். பக்கத்துக் கணக்கு வரைக்கும் போகும். அப்புறம் அந்தத் தேதி. அந்த வாரம் நான் ஊர்லயே இல்ல. மில்லுல லாரி எடை மேடை சரிபண்ணிட்டிருந்தேன்."

நின்றுவிட்டேன். அவரும் நின்றார்.

"நேத்தே தெரியுமா?"

"தாளைக் கையில வாங்கினதும் தெரிஞ்சுது."

"அப்போ ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"என்னைத் திட்டினா அவ சாயங்காலம் சாப்பாடு போட்டுடுவா. கரண்டியைக் கொஞ்சம் வேகமா வைப்பா, அவ்வளவுதான். உங்களைத் திட்டிட்டு அவ எங்க போவா? எங்களுக்குள்ள எது நடந்தாலும் அவ அழறதுக்கு உங்க வீட்டுக்குத்தானே வர்றா. அம்மா போனப்புறம் அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"எடைக்கல்லை விக்கப் போறீங்க மாப்பிள்ளை."

"கேட்டுல உக்காந்தாலும் லாரி வரும், எடை போடுவாங்க. தப்பாப் போட்டா எனக்குத் தெரியாம இருக்குமா?" சிரித்தார். பாதியில் நின்றுவிட்ட சிரிப்பு.

"நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் இடது கையை நீட்டி அதை நிறுத்தினார்.

"வேணும்னுதான் சொல்லியிருப்பேன். பெட்டியோட ஓட்டற வண்டி இல்லையா? அதைக் கேக்கத்தானே அன்னிக்குக் கடைக்கு வந்தேன்."

ஏறிப் போய்விட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டவும் செய்தார்.

கடைக்குப் போய் மஞ்சள் உறையிலிருந்த தாள்களையெல்லாம் கிழித்தேன். பெரியப்பா கையெழுத்து, சித்தப்பா கையெழுத்து, அவருடையது இன்னும் இரண்டு. கிழித்து என்ன பயன் என்று தெரியவில்லை. தங்கைக்குப் போன் செய்யலாமென்று எடுத்தேன். ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, கூப்பிட்டியா?"

"சும்மாத்தான். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நாளைக்குக் காலையில வந்துடு. நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். இவர் மூஞ்சியைப் பாத்தா மனசு மாறிடுவேன் போலிருக்கு."

"ஏண்டி, மாறினாத்தான் என்ன?"

"மாறக்கூடாது. இப்பவும் விட்டுக்கொடுத்தா அடுத்த தடவையும் எனக்குத் தெரியாம எதையாவது வேண்டாம்பார். வண்டி போனதுகூட இல்லக்கா. கையோட போச்சு, உயிர் போயிருந்தா? எனக்கும் பொண்ணுக்கும் என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் நினைச்சாரா? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

நினைத்தார். கேட்டார். நான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். இதை அவளிடம் போனில் சொல்லியிருக்கலாம். "வரேன்," என்று மட்டும் சொன்னேன்.

காலையில் போனபோது கூடத்தில் பழைய போர்வையை விரித்து எடைக்கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பெரியதில் தொடங்கி, கடைசியில் விரல்நகம் அளவில் ஒரு தகடு. அவர் தரையில் சம்மணமிட்டு இடது கையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை சோபாவின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத கண்.

"வாங்கக்கா," என்றார் அவர். "உக்காருங்க."

"அந்தத் துணியை அப்படி வைங்க. வாங்கற ஆளுக்குத் துடைச்சு வேற கொடுக்கணுமா?" என்றாள் தங்கை.

"அழுக்கும் எடைதானம்மா."

"பாத்தியாக்கா? போகும்போதும் இதே பேச்சு."

அவர் அந்த இரண்டு கிலோக் கல்லை எடுத்தார். பிரேக்குக்கு அடியில் மாட்டியது. பக்கத்தில் ஒரு நசுங்கல்.

"இது மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு. முக்கால் கிராம் குறையுது. வர்றவர்கிட்ட சொல்லிடணும்."

"எதுக்குச் சொல்லணும்? அவர் கேட்டாரா?"

"அவருக்கு எப்படித் தெரியும் கேக்கறதுக்கு? தெரிஞ்ச நாமதானே சொல்லணும்."

அவர் எனக்காகச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவுமில்லை. கல்லை அதன் இடத்தில் வைத்து, நசுங்கல் வெளியே தெரியும்படி திருப்பினார்.

வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது.

"வந்துட்டார்," என்றாள் தங்கை. எழுந்தாள், எழுந்தவள் நகரவில்லை. "அக்கா, நீயே சொல்லு. நான் செய்யறது தப்பா? நீ எத்தனை தடவை இவர்கிட்ட கேட்டிருப்ப? பத்துத் தடவை? இருபது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். வாழ்க்கையில் அவர் நிஜமாகவே வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்தது அப்போதுதான்.

அழைப்பு மணி அடித்தது.

"ஒரு தடவைகூடக் கேக்கலடி. அந்த டிக் நான் போட்டது."